இன்னும் ஒரு தவளை

போன வெள்ளிக்கிழமை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் சந்திரகாந்தா அக்கா சொன்னது இது. கோயிலுக்குப் போய்விட்டு வந்த என்னைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டு, "இந்த மனுஷனால ஒரே பேஜாரும்மா" என்று ஆரம்பித்தார்.

மனுஷன் என்றால் அவர் வீட்டுக்காரர் பார்சுவநாத். எறும்பைக்கூட மிதிக்காத சமண நயினார் குடும்பம்.

அவர்கள் கிணற்றுக்குள் போட்ட போர் வற்றிக்கொண்டே வந்தது. நிலத்தில் போட்டிருந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாடியது. குழாய்க்குள் ஒரு மெஷினை இறக்கி, சத்தத்தாலேயே பாறையை அதிர வைப்பார்களாம். பாறை இடுக்கில் அடைத்த சேறு கழன்று ஊற்று திறக்குமாம். மூன்று வாரம் காத்திருந்த பிறகு அந்த மெஷின் வண்டி வந்தது. ஒரே நாள்தான். மறுநாள் வளவனூருக்குப் போய்விடும்.

"இறக்கலாங்களா?" என்றார் மெஷின்காரர் ராஜ்குமார்.

"இருப்பா. கிணத்துல தவளை இருக்குது. அதிர்ச்சியில செத்துப்பூடும். எடுத்துட்டுச் சொல்றேன்" என்று பக்கெட்டோடு கிணற்றில் இறங்கினார் பார்சுவநாத்.

பத்து மணி. "ஆச்சுங்களா?"

"இன்னும் ஒண்ணு இருக்குது."

பதினொன்று. "இன்னும் ஒண்ணு."

துணி போட்டு மூடின பக்கெட்டை மேலே இழுத்து இழுத்து, அக்காவுக்குக் கை சிவந்துவிட்டது.

வரப்பில் நின்று இதையெல்லாம் பார்த்தார் பக்கத்து நிலத்து சுப்பராயலு. எல்லைத் தகராறில் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. அவருடைய நெல் கதிர் வரும் நேரம். போரிலோ வெறும் காற்று. இன்னும் நாலு நாள் போனால் அத்தனையும் பதர்தான்.

"தவளைங்களுக்கு ரேஷன் கார்டு போட்டுக்கினு இருக்காரு நயினாரு!" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

ராஜ்குமாருக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு போருக்கு நாலு மணி நேரம் ஆவுங்க. நான் சாயங்காலம் கிளம்பணும். தவளை இல்லாத போர் யார்கிட்டயாவது இருக்குதா?"

"எங்கிட்ட இருக்குது! ஜல்தி வாய்யா!" வண்டிக்கு முன்னால் ஓடினார் சுப்பராயலு.

சாயங்காலம் அவர் போர் இரண்டு இஞ்ச் தண்ணீர் கொட்டியது. "உன் முறையைத் தட்டிக்கினேன் பாத்தியா! நீ தவளையைக் கட்டிக்கினு அழு!" என்று வரப்பிலிருந்தே கத்தினாராம்.

கேட்ட எனக்கே ஆறவில்லை. "என்னக்கா இது? ஜீவகாருண்யத்துக்கும் ஓர் அளவு வேணாமா? உங்க மல்லாட்டை என்ன ஆச்சு?"

"பாதி காஞ்சிபோச்சு. இந்த மனுஷன் என்னடான்னா, மறுநாள் முழுக்கப் பச்சைத்தண்ணிகூடக் குடிக்கல. பொய் சொன்னதுக்கு உபவாசமாம்."

"அவரா? என்ன பொய்?"

"தவளையெல்லாம் முந்தின நாளே நாங்க ரெண்டு பேருமா பிடிச்சு ஏரியில விட்டாச்சும்மா. நான் இழுத்தது அத்தனையும் வெறும் பக்கெட்டு. கேட்டா, 'நானா குடுத்தா அவன் வாங்கமாட்டான். பிடுங்கிக்கினு போறதா நெனைச்சாத்தான் எடுத்துப்பான்'ங்கிறாரு."

நீங்கள் அந்தப் பக்கம் போனால், அறுப்பு முடிகிற வரைக்குமாவது சுப்பராயலுவிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.