பசு நின்ற வீடுகள்

குழுக் கடனில் மாடு வாங்கியவள் அன்னபாக்கியம் மட்டும்தான். மற்ற நான்கு பேரும் அந்தப் பணத்தைப் பழைய கடன்களில் கொட்டியிருந்தார்கள். மாடு இல்லாதவள் முழுத் தொகையையும் உடனே திருப்பிக் கட்ட வேண்டும். அதனால், அதிகாரி பார்வையிட வந்த அன்று, அவளுடைய சிவப்புப் பசு கொல்லை வழியாக வீடு வீடாக நடந்தது. ஒரு வீட்டில் கழுத்துக்கு மணி கட்டினார்கள், இன்னொரு வீட்டில் கொம்புக்குப் பூச் சுற்றினார்கள், சந்தனமாரி வீட்டில் நெற்றி நிறைய மஞ்சள் அப்பினார்கள். அதிகாரி எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டார்.

கடைசியாக அன்னபாக்கியத்தின் வீடு. சொந்த மாட்டுக்கு எதற்கு வேஷம் என்று அவள் நெற்றி மஞ்சளைக்கூடத் துடைக்காமல் அப்படியே கட்டியிருந்தாள்.

"இந்த மஞ்சளை இப்பதானே பக்கத்து வீட்டுல பார்த்தேன்? இரவல் மாட்டைக் காட்டி ஏமாத்துறீங்களா?"

"ஐயோ, என் மாடு சார்! ஏட்டி சந்தனமாரி, சொல்லேன்ட்டி!"

சந்தனமாரி மற்ற மூவரையும் பார்த்தாள். மூவரும் தரையைப் பார்த்தார்கள்.

"என் மாடுதான் சார். அக்கா கெஞ்சிக் கேட்டாவ, குடுத்தேன்" என்று கயிற்றை அவிழ்த்தாள்.

பசு நகரவில்லை. அன்னபாக்கியத்தைப் பார்த்து அடித்தொண்டையில் கத்தியது.

"புது இடம்ல, மிரளுது பாருங்க" என்றார் அதிகாரி. "சீக்கிரம் வீட்டுக்கு ஓட்டிட்டுப் போங்கம்மா."