விதி எண் ஏழு

"எங்க வீட்டுப் பையனை வேலையை விட்டுத் தூக்க நீ யாருடி? பதினாறு வயசு, அதுக்குள்ள மேனேஜராம்."

அத்தையின் குரல் சலவைக்கடையைத் தாண்டி எதிர்வீட்டு மாடிவரை போய்விட்டது. அங்கே துணி எடுக்க வந்த இரண்டு பேர், காய்ந்த துணியையே மறுபடி மறுபடி உதறிக்கொண்டு நின்றார்கள்.

தெருவில் பாதிப் பேருக்கு அவள் அத்தைதான். தம்பியின் மனைவி இறந்த பிறகு, இருந்த டைப்பிஸ்ட் வேலையை விட்டுவிட்டு வந்து, எட்டு வருஷமாகத் தம்பி மகனை வளர்க்கிறாள். இதை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

பையன் பதினோராம் வகுப்பு. பள்ளியில் வணிகமும் வேலைப் பயிற்சியும் என்று ஒரு பாடம் இருக்கிறது. மனப்பாடம் பண்ணி எழுதுகிற சமாசாரம் இல்லை. வகுப்பையே ஒரு கம்பெனியாக்கி, மேஜை நாட்காட்டி தயாரித்து விற்கிறார்கள். சலவைக்கடைக்காரியின் மகள் மேனேஜர். பையனிடம் சரக்கறைச் சாவி. நல்ல பெயர் எடுப்பவர்களுக்குக் கோடை விடுமுறையில் நிஜ அச்சகத்தில் பயிற்சி உண்டு. அதில் பையன் போய் உட்கார்ந்துவிட்ட மாதிரியே அத்தை ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

முந்தாநாள் அவன் பையில் ஒரு கடிதம் கிடைத்தது. 'விதி எண் ஏழின்படி தாங்கள் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள்.' அவ்வளவுதான். கீழே மேனேஜர் கையெழுத்து, பெரிய மனுஷி மாதிரி சுழித்து. காரணத்தை எழுதக் கூடாதாம், விதியின் எண்ணை மட்டும்தான் போட வேண்டுமாம். வேலை போகிறவரின் மானம் போய்விடக் கூடாது என்று பாடத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அர்த்தம் கேட்கிறேன் என்று அத்தையே அந்தக் கடிதத்தை நாலு பேரிடம் காட்டினாள். காரணத்தைத் தெரு தானாகவே எழுதிக்கொண்டது. சரக்கறைச் சாவி வைத்திருந்தவன் வேறு எதற்காக வெளியே அனுப்பப்படுவான்? பையனுக்குக் கை கொஞ்சம் நீளமோ என்று மருந்துக்கடைக்காரர் மாத்திரையை எண்ணிக்கொண்டே கேட்டுவிட்டார். அன்று ராத்திரி அத்தை மாத்திரையும் போடவில்லை, தூங்கவும் இல்லை.

பையனைக் கேட்டால், ரூல் அப்படி அத்தை, புத்தகம் மேனேஜரிடம் இருக்கிறது என்று சிரிக்கிறான். தம்பியைக் கேட்டால், நான் விசாரிக்கிறேன் அக்கா என்று நழுவுகிறான். தம்பி லிஃப்ட் மெக்கானிக். விசாரிக்கப் போகிறவன் கையில் சலவைக்கு ஒரு மூட்டை. வீட்டில் வாஷிங் மெஷின் சும்மா கிடக்க, ஆறு மாதமாக ஒரு கைக்குட்டையைக்கூட அவன் அதில் போட விடுவதில்லை. கிரீஸ் கறை வீட்டில் போகாதாம்.

அதனால் அத்தையே கிளம்பி வந்துவிட்டாள்.

"உட்காருங்க அத்தை," என்று மேனேஜர் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். போன வாரம்வரை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டவள். நன்றாக ஐஸ் வைக்கிறாள் என்று அத்தைக்குப் பட்டது.

அம்மாக்காரி வாயே திறக்கவில்லை. ஒரே சட்டையின் ஒரே கையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கணவன் போய்ச்சேர்ந்த பத்து வருஷத்தில் யாரிடமும் பேச்சில் தோற்காதவள். அவளே பேசாமல் இருந்தால் தப்பு அவர்கள் பக்கம்தான் என்று அத்தை முடிவு கட்டினாள்.

"அம்மா இல்லாத பிள்ளைன்னு இளப்பமா? அவன் என்னத்தைத் திருடினான், சொல்லு."

"ஒண்ணும் திருடலை. எங்க கம்பெனியில அவன் மாதிரி யாரும் வேலை பார்க்கலை. பக்கத்து வகுப்புக் கம்பெனிக்கு நானே லெட்டர் எழுதிட்டேன், நாளைக்கே எடுத்துக்குவாங்க. அச்சகத்துக்கும் போவான்."

"அவ்வளவு நல்லவனை எதுக்கு அனுப்பினே?"

மேனேஜர் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சட்டையைப் பார்த்தாள். "அதை நான் சொல்றது முறை இல்லை அத்தை."

அந்த நேரம் பார்த்து தம்பி, கையில் சலவைச் சீட்டோடு உள்ளே நுழைந்தான். எதுவாக இருந்தாலும் வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்று கெஞ்சினான். அத்தை அசையவில்லை. தெருவில் போன பெயர் தெருவில்தான் திரும்பி வர வேண்டும் என்றாள். விதிப் புத்தகத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மாடியில் துணி உதறுகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள்.

"விதி எண் ஏழு. ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்..."

மாடிவரை போன குரல் மேஜையளவுக்கு இறங்கியது.

"...மேனேஜராகவும், அவருக்குக் கீழே வேலை செய்பவராகவும் இருக்கக் கூடாது."

தம்பி சலவைச் சீட்டையே திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த மாதம் பதிவு அலுவலகத்தில் அவனுக்கும் சலவைக்கடைக்காரிக்கும் கல்யாணம் நடந்தது, முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவள் அத்தைதான். அதற்கடுத்த மாதம் வெளியூரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்து அவள் பெட்டியைக் கட்டினாள். எட்டு வருஷம் வீடு நடத்தியதை 'நிர்வாக அனுபவம்' என்று போட்டு அவளுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவள், அந்த மேனேஜர்.