முதல் கை

ஊசி இன்னும் உறையைவிட்டே வெளியே வரவில்லை. அதற்குள் அந்த அம்மாள் "ஐயையோ!" என்று அலறிவிட்டாள்.

நிர்மலா இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ரத்தப் பரிசோதனை லேப் அது. வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கியவர்கள் வெறும் வயிற்றோடு வெளியே ஹாலில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். அலறல் கேட்டதும் அத்தனை கொட்டாவியும் நின்றுபோனது.

நிர்மலா லேப் டெக்னீஷியன் படிப்பில் கடைசி வருஷம். கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். கை சுத்தமாக இருந்தால் அங்கேயே வேலையும் கிடைக்கலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் வந்த நாளிலிருந்து டியூபில் பெயர் ஒட்டுவதும், கண்ணாடித் தகடு கழுவுவதும்தான் வேலை. ஊசியை யாரும் கண்ணில் காட்டவில்லை.

இன்றைக்குத்தான் சீனியர் பிரவீன்குமார் திடீரென்று ட்ரேயை நீட்டினான்.

"நீயே எடு. எத்தினி வருஷமா எடுக்கறேன்னு யாராவது கேட்டா, ரெண்டு வருஷம்னு சொல்லிடு."

சொல்லிவிட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

கல்லூரியில் அவள் குத்தியதெல்லாம் ஒரு ரப்பர் கையைத்தான். அது அசையாது. கத்தாது. சுமாராகக் குத்தினாலும் சிவப்புத் தண்ணீரை மரியாதையாகக் கொடுத்துவிடும். அந்தக் கையில் வகுப்பிலேயே அவள்தான் முதல்.

இந்தக் கை வேறு மாதிரி. வளையல் போட்டிருந்தது. வியர்த்தது. நீட்டச் சொன்னால் மடங்கியது. கைக்குச் சொந்தக்காரிக்கு நாற்பது வயது இருக்கும். குரலுக்கு நாலு வயதுதான்.

நிர்மலா ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, விரலால் தடவித் தடவி நரம்பைத் தேடினாள்.

"இன்னாம்மா, இன்னுமா தேடிக்கினு இருக்கே?" என்றாள் அந்த அம்மாள். "நெறைய பேருக்கு எடுத்திருக்கியா நீ?"

ரெண்டு வருஷம் என்ற பொய் நிர்மலாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எதிரே உருட்டி உருட்டி விழித்துக்கொண்டிருந்த கண்களைப் பார்த்ததும் வந்த வழியே இறங்கிப்போனது.

"இல்லீங்க. நீங்கதான் மொதோ ஆளு."

திரைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

அந்த அம்மாள் பட்டையோடு எழுந்து நின்றுவிட்டாள். "என் கைதான் கெடச்சுதா உனக்கு? நான் போறேன்பா!"

போய்விட்டால் அவ்வளவுதான். நாளையிலிருந்து மறுபடி கண்ணாடித் தகடு. நிர்மலாவுக்கு அழுகை முட்டியது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. இப்பதான் நரம்பு ஆப்ட்டுக்கினுது. உக்காருங்க, இல்லாட்டி மறுபடி ரெண்டு பேரும் சேர்ந்து தேடணும்."

அந்த அம்மாளின் வாய் ஒரு பக்கம் கோணியது. உட்கார்ந்தாள். கையை நீட்டினாள்.

நிர்மலா ஊசியை இறக்கினாள்.

ரத்தம் வரவில்லை.

நரம்பு நழுவிவிட்டது. உள்ளேயே ஊசியைத் திருப்பித் திருப்பித் துழாவலாம் என்று ஒரு நொடி தோன்றியது. செய்யவில்லை. பட்டையைத் தளர்த்தி, ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"மன்னிச்சிக்குங்க, தப்பிடுச்சு. புது ஊசியில இன்னொரு தடவ பாக்கட்டுங்களா? வேணாம்னா சொல்லுங்க, அண்ணன கூப்புடறேன்."

ஆச்சரியம். இந்த முறை அந்த அம்மாள் கத்தவில்லை. மறு கையின் வளையல்களை மேலே தள்ளிவிட்டு நீட்டினாள்.

டியூபின் அடியில் கருஞ்சிவப்பாக ஒரு கோடு எட்டிப் பார்த்தது. அப்புறம் மளமளவென்று ஏறியது.

"வந்துடுச்சு!" என்று நிர்மலா போட்ட சத்தத்தில், ஹாலில் இருந்தவர்கள் இன்னொரு முறை திடுக்கிட்டார்கள்.

திரையை விலக்கிக்கொண்டு பிரவீன்குமார் வந்தான். நிர்மலா பெருமையோடு டியூபை நீட்டினாள். "இத எந்த டெஸ்ட்டுக்குப் போடணும்ணா?"

"எதுக்கும் வேணாம். அவங்களுக்கு ஒண்ணுமில்ல." அவன் அந்த அம்மாள் பக்கம் திரும்பினான். "எப்படிங்க மேடம்?"

திருக்கோவிலூரில் பெரிய லேபையும் இங்கே இந்தச் சின்ன லேபையும் நடத்துகிற ராதிகா, முழங்கையை மடக்கிப் பஞ்சை இடுக்கிக்கொண்டு எழுந்தாள். பயிற்சிக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் கை அவளுடையதுதான். வேலைக்கு ஆள் எடுக்க அவள் மார்க்கைப் பார்ப்பதில்லை. பொய் சொல்லச் சொல்லிப் பார்ப்பாள். கத்திப் பார்ப்பாள்.

நிர்மலாவுக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கையிலிருந்த டியூபை ட்ரேயில் வைத்தாள்.

"படிப்பு முடிஞ்சதும் நேரா இங்க வந்துடு" என்றாள் ராதிகா. அந்த நாலு வயதுக் குரலைக் காணோம்.

போகிற போக்கில் ஹாலை எட்டிப் பார்த்தவள், திரும்பி வந்து நிர்மலாவின் காதருகே மெல்லச் சொன்னாள்.

"அடுத்து உக்காந்துக்கினு இருக்கறவரு நெஜமாவே பயந்தவரு. பாத்து எடு."