கைப்பக்குவம்

“செர்மன்காரன் சண்டை முடியட்டும், பொறவு பாத்துக்கிடலாம். லாரியில கை வைக்காதீங்க” என்று இன்பம் எவ்வளவோ சொன்னாள்.

பெண்டாட்டிக்குத் தன் கைவேலையில் நம்பிக்கை இல்லையென்று பால்துரைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஓட்டை லாரியில் குலுக்கலைத் தாங்க வேண்டிய, உடைந்துபோன வில்பட்டைகளைத் தானே மாற்றினார். இருமிக்கொண்டிருந்த எஞ்சினையும் பிரித்துப் பூட்டினார்.

மறுநாள் கான்சாபுரத்திலிருந்து லாரி தொட்டில் மாதிரிப் போயிற்று.

“பாத்தியாட்டி, ஒரு குலுக்கல் உண்டா?”

இன்பம் மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தையில் அவள் வெண்ணெய் என்றால் அடிதடிதான்.

“நம்ம இன்பத்தோட கைப்பக்குவம் யாருக்கு வரும்?” என்று பெண்கள் கிண்ணத்தோடு சூழ்ந்தார்கள்.

பால்துரை லாரியில் ஏற்றி வந்த அண்டாவை மிடுக்காகத் திறந்தார். உறைகுத்திய தயிர் உறைந்தபடியே இருந்தது.

“ஏட்டி, வெண்ணெய் எங்க?”

“இம்புட்டு நாளும் ஒங்க லாரிதான் கடைஞ்சுச்சு.” பையிலிருந்து மத்தை எடுத்து நீட்டினாள். “இனிமே நீங்க கடையுங்க.”