கழன்று விழுந்த குழாய்

பழைய காருக்குப் புது டர்போ பூட்டி, பொட்டு வைத்து, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். டர்போவின் காற்றை இன்ஜினுக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாயை மட்டும் மாற்றவில்லை.

நெடுஞ்சாலையில் டர்போ காற்றை அழுத்தித் தள்ளியது.

"அண்ணே, போதும். நெஞ்சு வெடிச்சிரும்போல இருக்கு," என்றது இன்ஜினுக்குள் இருந்த பிஸ்டன்.

"பூசை போட்டாச்சு. ஒண்ணும் ஆகாது," என்று டர்போ இன்னும் தள்ளியது.

நடுவிலிருந்த குழாய் பட்டென்று கழன்று விழுந்தது. கார் திணறி ஓரமாக நின்றது.

"கோழைப் பயலே," என்றது டர்போ.

"இருக்கட்டும்," என்றது குழாய். "என்னைத் திரும்ப மாட்ட ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். பிஸ்டன் உடைஞ்சா இன்ஜினையே இறக்கணும்."

பயந்துபோன கார் முதலாளி குழாயை மாட்டிவிட்டு, வீடுவரை வேகத்தில் நாற்பதைத் தாண்டவில்லை. பிஸ்டன் வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தது.