ஐந்தாவது சுற்று

நான்காவது சுற்றிலும் பிஷப் கிடைக்கவில்லை என்று மேவிஸ் சொன்னபோது நான் டர்னிப் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டிய வேகத்தில் ஒரு துண்டு தெறித்து அடுப்புக்கு அடியில் போய் விழுந்தது.

"சபையார் ஓட்டுல நம்ம ஆயரம்மாதான் முன்னால. குருமார் ஓட்டுதான் இழுக்குது," என்றாள் அவள், கைபேசியை மூக்குக்கு அருகில் பிடித்துக்கொண்டு.

பல ஊர் ஆலயங்கள் சேர்ந்த எங்கள் திருமண்டலத்தின் வழக்கம் அப்படி. குருமார் தனியாக ஓட்டுப் போடுவார்கள், சபையார் தனியாகப் போடுவார்கள். ஒரே சுற்றில் இரண்டு பக்கமும் பாதிக்கு மேல் ஒருவருக்கே விழுந்தால்தான் அவர் பிஷப். இல்லையென்றால் ஒரு காபி குடித்துவிட்டு மறுபடியும் போட வேண்டும்.

போட்டியில் இருப்பவர்கள் ஓட்டுப் போடும் மண்டபத்தின் பக்கமே தலைகாட்டுவதில்லை. அதனால் எங்கள் ஆலயத்தின் குருவான ஆயரம்மா டார்லீன் கங்காஸ், எல்லாச் சனிக்கிழமையும் போல ஆலயச் சமையலறையில் நின்று மாவு பிசைந்துகொண்டிருந்தார். கறியும் கிழங்கும் வைத்து மடித்துச் சுடுகிற பாஸ்டிக்கான மாவு. சுரங்கம் மூடி ஒரு தலைமுறை ஆகியும் இந்த ஊர் அதைத்தான் தின்கிறது.

மாவு இரும்பாகிவிட்டது. அவர் நிறுத்தவில்லை.

"வெர்ன், உன் முகத்தப் பாரு," என்றாள் மேவிஸ். "ஆயரம்மா ஜெயிக்கணும்னு உன்னை மாதிரி வேண்டிக்கிட்டவன் இந்த மாகாணத்துலயே இருக்க மாட்டான். அவங்க இங்கேருந்து போயிட்டா போதும் உனக்கு."

சமையலறையே சிரித்தது. ஆயரம்மாவும்தான்.

நான் மறுக்கவில்லை. சபைக் கமிட்டித் தலைவன் நான். அவர் வந்த முதல் வாரத்திலிருந்து எங்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். பின்வரிசை பெஞ்சுகளைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, வீடில்லாதவர்கள் குளிருக்கு ஒதுங்கிப் படுக்கக் கட்டில் போட்டவர் அவர். அதில் ஒன்று என் அப்பா உட்கார்ந்த பெஞ்ச். கமிட்டிக் கூட்டத்தில் நாங்கள் போட்ட சத்தம் ஏரிக்கரை வரை கேட்டதாக ஊரில் சொல்வார்கள்.

ஆனால் மேவிஸ் சொன்னது உண்மை. அவர் ஜெயிக்க வேண்டும் என்று நான் வேண்டினேன். முழங்கால் வலியோடு, முழங்காலில் நின்றே வேண்டினேன்.

ஐந்தாவது சுற்றுக்கு மேவிஸின் கைபேசியில் ஒன்றும் வரவில்லை. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடித்தது அதுவல்ல. ஜன்னல் விளிம்பில், மாவுப் பைக்குப் பின்னால் கிடந்த ஆயரம்மாவின் கைபேசி.

முதல் அழைப்பு ஜெயித்தவருக்குத்தான் போகும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சம்மதம் கேட்ட பிறகே மண்டபத்தில் பெயரைச் சொல்வார்கள்.

அவர் கை இரண்டும் மணிக்கட்டு வரை மாவு. நான்தான் எடுத்து அவர் காதில் வைத்துப் பிடித்தேன். அவசரத்தில் கைபேசி அவர் கம்மலில் இடித்தது.

கேட்டார். கண்ணை மூடினார்.

"ஏத்துக்கறேன்," என்றார்.

அதற்குப் பிறகு யார் என்ன செய்தார்கள் என்று ஒழுங்காகச் சொல்ல முடியாது. ஒருவர் தட்டை எடுத்து அடித்தார். ஒருவர் மணிக்கயிற்றை நோக்கி ஓடினார். கட்டிலில் படுத்திருந்தவர்கள் எழுந்து வந்து, என்ன ஏது என்று கேட்காமலே கை தட்டினார்கள். இந்த ஏரிக்கரைப் பட்டணத்திலிருந்து, இருபது பேர் மட்டும் வந்துகொண்டிருந்த இந்த ஆலயத்திலிருந்து ஒரு பிஷப். என் கல்யாணத்தன்றுகூட நான் இவ்வளவு சந்தோஷப்படவில்லை. மேவிஸ் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"நினைச்சத சாதிச்சிட்டியே," என்றாள்.

மணி அடிக்கத் தொடங்கியதும் எல்லோரும் வெளியே ஓடினார்கள். எங்கள் வடக்கில் மே மாதத்திலும் விழுகிற பனியில் கோட்டுகூடப் போடாமல் நின்று கத்தினார்கள். சமையலறையில் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம்.

ஆயரம்மா நாற்காலியில் உட்கார்ந்து விரலில் ஒட்டிய மாவை உரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வெர்ன், யார்கிட்டயும் நான் சொல்லாத ஒண்ணு. சிகாகோவுல ஒரு பெரிய ஆலயத்துல என்னை ஊழியத்துக்குக் கூப்பிட்டிருந்தாங்க. இது முடியற வரைக்கும் பொறுக்கறோம்னாங்க. இப்ப வரலேன்னு சொல்லணும்."

"நான் சொல்லிடறேன்," என்றேன். "நம்பர் என்கிட்ட இருக்கு."

மாவு உரிப்பது நின்றது.

போன இலையுதிர்காலத்தில் சிகாகோக்காரர்கள் எனக்குப் போன் செய்திருந்தார்கள். எந்த ஆலயமும் ஒருவரை எடுப்பதற்கு முன் கமிட்டித் தலைவனிடம்தான் விசாரிக்கும். ஆள் எப்படி என்று கேட்டார்கள். இரண்டு வார்த்தை மட்டமாகச் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். வாய் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். அதைக் கேட்ட பிறகு அவர்கள் விடவா போகிறார்கள்?

அந்த வாரம்தான் திருமண்டலத்தில் புது பிஷப்பைத் தேடுகிற குழு, யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம் என்று அறிவித்திருந்தது. கொடுத்தவர் யார் என்பதை வெளியே சொல்ல மாட்டார்கள்.

ஆயரம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "என் பேரைக் குடுத்தது நீங்களா?"

நான் கத்தியை எடுத்து மிச்சக் கிழங்கை வெட்ட ஆரம்பித்தேன்.

"பிஷப்னா திருமண்டலத்துல ஒவ்வொரு ஆலயத்துக்கும், இங்கயும், வந்தே ஆகணும்," என்றேன். "அது சட்டம். சிகாகோ போறவங்களுக்கு அப்படி ஒண்ணும் கிடையாது."