ஜட்ஜ் ஐயா

படப்பிடிப்பு செட்டில் எழுப்பியிருந்த சுண்ணாம்புச் சுவரைப் பார்த்ததும் ஜட்ஜ் ஐயாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"கதை எழுதின அம்மாவே கல்லு மாதிரி நிக்கிறாங்க. இவருக்கு எவ்வளவு இளகின மனசு பாரு!" என்று யூனிட்டே உச்சுக் கொட்டியது.

"முடியலேன்னா ரூமுக்குப் போயிடுங்களேன், ஐயா" என்றாள் கதை எழுதியவள்.

"வேணாம்மா. இதை நீ தனியா நின்னு பாக்க வேணாம்."

படமாவதற்கு முன் அவளுடைய நாடகம் மேடையேறிய நாள் முதல் நீதிபதி வேஷம் அவருக்குத்தான். தானாக வந்து, கேட்டு வாங்கிய வேஷம். தீர்ப்பு வாசிக்கும்போது அழுதே விடுவார். தகப்பன் இல்லாமல் வளர்ந்தவளுக்கு அவர்தான் அப்பா ஸ்தானம்.

நிஜத்தில் விசாரணையும் நடக்கவில்லை, ஒருவனும் அகப்படவில்லை. ஊரையே சுவரடிக்கு நடத்திக்கொண்டு போய்ச் சுட்டுத் தள்ளியவனின் முகத்தை அவள் பார்த்ததுமில்லை. காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளிந்துகொண்டு, மெகாபோனில் அவன் குரலைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது.

அவனை மேடையிலாவது கூண்டில் ஏற்ற வேண்டும் என்றுதான் நாடகமே எழுதினாள். ஆனால் அவன் கடைசியாகச் சொன்ன ஒரு வரியை மட்டும் எழுதக் கை வரவில்லை. இன்றுவரை யாரிடமும் சொன்னதுமில்லை. அந்த வரியை நம்பித்தான் அவளுடைய அப்பா சத்தம் போடாமல் நடந்து போனார்.

மேடையில் கோர்ட் மட்டும்தான். படத்துக்கு அது போதாது என்று, சுவர்க் காட்சியையும் சேர்க்க வைத்திருந்தார் டைரக்டர்.

"ஆக்‌ஷன்!"

"எல்லாரும் வரிசையா நில்லுங்க!" என்று அதட்டிய வில்லன் நடிகர், அத்தோடு திருதிருவென்று முழித்தார். அடுத்த வசனம் ஒரே வார்த்தை, 'நடங்க'. அது வாயில் வரவில்லை.

நாடகக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கூட நடிப்பவர் வசனத்தை மறந்தால், பக்கத்தில் இருப்பவர் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்துவிடுவார். மேடையில் ஏது 'கட்'?

ஜட்ஜ் ஐயா திரும்பக்கூட இல்லை. டைரக்டரின் மெகாபோன் பக்கத்து ஸ்டூலில் இருந்தது. அவர் கை தானாக அதை எடுத்து வாயருகே கொண்டு போனது.

"செருப்பையெல்லாம் இங்கயே விட்டுட்டு நடங்க... திரும்பி வரும்போது போட்டுக்கலாம்."